ஆத்தாவுக்குக் கல்லீரல் பயாப்சி (ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பது) சொல்லியிருக்கிறார்கள்; செய்துகொண்டவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காரைக்குடி மகள் (திங்கள், காலை)

ஆத்தாவுக்கு வயது 61. சில மாதங்களாகவே சோர்வு, மூட்டு வலி. சாப்பாட்டில் மனம் செல்வதில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 400-ஐத் தாண்டியிருந்தது. மஞ்சள் காமாலை பி, சி கிருமிகள் இரண்டும் இல்லை. மது, புகையிலை எதுவும் கிடையாது. எதிர்ப்புச் சக்தி தொடர்பான ரத்தப் பரிசோதனைகளில் ஐ.ஜி.ஜி. அதிகமாகவும் ஏ.என்.ஏ. பாசிட்டிவாகவும் வந்திருக்கின்றன. உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸாக இருக்கலாம் என்று மதுரையில் பார்க்கும் மருத்துவர் சொல்கிறார். பயாப்சி செய்து உறுதிப்படுத்திய பிறகே ஸ்டீராய்டு தொடங்க வேண்டும் என்பது அவர் கருத்து.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "ஊசி வைத்தால் உள்ளே இருப்பது பரவிவிடும், வேண்டாம்" என்கிறார் பெரியப்பச்சி. சிங்கப்பூரிலிருந்து தம்பி ஊசி இல்லாமல் வெளியிலிருந்தே கல்லீரலை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் போதாதா என்று கேட்கிறான். தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடப்பவர் ஆத்தா. இந்த ஆண்டு நடக்க முடியுமா என்பது மட்டுமே அவர் கவலை.

எவ்வளவு வலிக்கும்? உயிருக்கு ஆபத்து உண்டா? காலையில் போய்ச் செய்துவிட்டு இரவே காரைக்குடி திரும்பலாமா? மருத்துவரிடம் முன்கூட்டியே எதையெல்லாம் கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

கோட்டையூர்க்காரன் (திங்கள், காலை)

உங்கள் தம்பி சொல்வதுதான் சரி, சகோதரி. எனக்குக் கல்லீரலில் கொழுப்பு. ஊசி, கத்தி எதுவும் இல்லாமல் ஃபைப்ரோஸ்கேன் மட்டும் எடுத்தார்கள். பத்து நிமிடத்தில் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்தக் காலத்தில் எதற்காக ஊசியை உள்ளே விட வேண்டும்? இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேளுங்கள்.

தேவகோட்டை வாத்தியார் (திங்கள், நண்பகல்)

இன்னொரு மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் கேள்வி சரியாக இருக்க வேண்டும். "பயாப்சி வேண்டுமா, வேண்டாமா" என்று கேட்காதீர்கள் அம்மா. "இதன் முடிவு எப்படி வந்தால் மருந்து எப்படி மாறும்?" என்று கேளுங்கள். எப்படி வந்தாலும் அதே மருந்துதான் என்றால் ஊசிக்கு அவசரமில்லை. முடிவைப் பொறுத்து மருந்தே மாறும் என்றால் தள்ளிப்போடக் கூடாது. நான் கேட்டேன். எனக்குக் கிடைத்த பதில் தெளிவாக இருந்தது, செய்துகொண்டேன்.

என் அனுபவத்தை அப்படியே எழுதுகிறேன். மல்லாக்கப் படுக்கவைத்து, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொன்னார்கள். ஸ்கேன் கருவியால் பார்த்து, வலது பக்கம் விலா எலும்புகளுக்கு நடுவே ஓரிடத்தைப் பேனாவால் குறித்தார்கள். தோல் மரத்துப்போக ஒரு ஊசி. அந்த எரிச்சல்தான் முதலில் தெரிந்தது. பிறகு மூச்சை முழுவதும் வெளியே விட்டு அப்படியே நிறுத்தச் சொன்னார்கள். "டக்" என்று ஓர் ஓசை, உள்ளே யாரோ குத்துவிட்டதுபோல் ஓர் அதிர்ச்சி, அவ்வளவுதான். ஊசி கல்லீரலுக்குள் இருக்கும் நேரம் ஒரு நொடி, இரண்டு நொடி. ஏற்பாடுகளுக்குத்தான் நேரம் பிடிக்கிறது.

ஒரு மணி நேரம் கழித்து வலித்தது குத்திய இடம் இல்லை, வலது தோள்பட்டை. இதை யாரும் முன்பே சொல்லாததால் மாரடைப்போ என்று என் மனைவி பதறிவிட்டார். கல்லீரலுக்கு மேலே இருக்கும் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. அதனால் அங்கே உறுத்தினால் தோளில் வலி தெரியும் என்று பிறகு விளக்கினார்கள். பாராசிட்டமால் கொடுத்தார்கள், மறுநாள் குறைந்துவிட்டது. ஆத்தாவிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

பெரியவர்கள் ஏதோ புதுச் சோதனை என்று நினைத்து அஞ்சுவார்கள். கல்லீரலில் ஊசி செலுத்தித் திசு எடுப்பதை ஜெர்மனியில் பால் எர்லிக் செய்தது 1883-இல். இத்தாலியின் மெங்கினி ஒரே நொடியில் முடிக்கும் முறையைக் கொண்டுவந்தது 1958-இல். இன்று கூடவே ஸ்கேன் திரையும் இருக்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி (திங்கள், மாலை)

எங்கள் வீட்டில் அவர்களுக்கு வயிற்றில் நீர் கோத்திருந்தது, ரத்தம் உறையும் தன்மையும் குறைவு. பக்கவாட்டில் குத்தினால் ரத்தக் கசிவு நிற்காது என்று கழுத்து ரத்தக்குழாய் வழியாகக் குழாயை இறக்கி, கல்லீரலின் ரத்தக்குழாய்க்குள்ளிருந்தே துணுக்கு எடுத்தார்கள். அதில் கசிந்தாலும் ரத்தம் ரத்தக்குழாய்க்குள்ளேயே போய்விடுமாம். அதனால் எல்லாருக்கும் ஒரே வழி என்று நினைக்காதே அப்பா. உன் ஆத்தாவுக்கு எந்த வழி, ஏன் அந்த வழி என்று கேட்டுக்கொள்.

கோட்டையூர்த் தம்பிக்கு ஒன்று: உனக்குப் போதுமானது அவளுக்கும் போதும் என்று சொல்லிவிடாதே. அவளுடைய நோய் வேறு.

மதுரை செவிலி (சொந்த ஊர் கானாடுகாத்தான்) (திங்கள், இரவு)

ஆச்சி சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். நான் ஸ்கேன் அறையில் பயாப்சிக்கு உதவும் செவிலி. உங்கள் ஆத்தாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியவர் அவரைப் பார்க்கும் மருத்துவர்தான். அந்த அறையில் அன்றாடம் பார்ப்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஃபைப்ரோஸ்கேன் அளப்பது கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதை. எதனால் விறைத்தது என்பதை அது சொல்லாது. எஸ்.ஜி.பி.டி. 400-இல் இருக்கும்போது வீக்கத்தாலேயே விறைப்பு கூடுதலாகக் காட்டும். தழும்பு இல்லாத இடத்தில் தழும்பு இருப்பதாக நினைக்க வைக்கும். கொழுப்புக் கல்லீரலைத் தொடர்ந்து கவனித்துவர அது நல்ல கருவி. ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் என்று சந்தேகித்தால், திசுவைப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். ஸ்டீராய்டும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோப்ரினும் பல ஆண்டுகள் சாப்பிட வேண்டிவரலாம். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். இவ்வளவு கனமான மருந்தை ஊகத்தில் தொடங்க எந்த மருத்துவரும் தயங்குவார்.

பெரியப்பச்சியின் பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்லீரல் புற்றுக் கட்டியில் ஊசி வைக்கும்போது, ஊசி போன தடத்தில் புற்றணுக்கள் தங்கிவிடும் வாய்ப்பு சிறிய அளவில் உண்டு. அதனால்தான் ஏற்கெனவே சிரோசிஸ் (கல்லீரல் முழுவதும் தழும்பு) உள்ளவருக்குக் கட்டி வந்தால், பல நேரங்களில் சாயம் ஏற்றிய சி.டி. ஸ்கேனிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். ஆத்தாவுக்குக் கட்டி இல்லை. பரவுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. பெரியப்பச்சியிடம் இப்படியே சொல்லுங்கள், ஏற்றுக்கொள்வார். கல்லீரல் குறைந்துவிடுமோ என்றும் சிலர் கேட்பார்கள். எடுப்பது நூல்போல மெல்லிய, 2 சென்டிமீட்டர் நீளத் துணுக்கு. கல்லீரலில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்கு.

உண்மையான ஆபத்து ரத்தக்கசிவு. பெரும்பாலோருக்கு அது நடப்பதில்லை. கவலைப்படும் அளவுக்கான கசிவு சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரலாம், உயிரிழப்பு ஏறத்தாழ 10,000-இல் ஒருவருக்கு. எண் சிறியது என்பதால் யாரும் அலட்சியமாக இருப்பதில்லை. முதல் ஒரு மணி நேரம் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடியும் ரத்த அழுத்தமும் பார்ப்போம், பிறகு அரை மணிக்கு ஒருமுறை. கசிவு வந்தால் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். அரிதாக அன்று இரவும் வரலாம், மறுநாளும் வரலாம்.

நம் ஊர்க்காரர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்று உண்டு. அன்று இரவே காரைக்குடி திரும்பாதீர்கள். மதுரையில் வீடு உள்ளவரை நான்கு, ஆறு மணி நேரம் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம். மயக்கம் வந்தால் அரை மணி நேரத்தில் திரும்பிவிடுவார். உங்களுக்கு 90 கிலோமீட்டர். மேலூர் தாண்டியதும் வயிற்றுவலி வந்தால் வண்டியைத் திருப்புவதா, திருப்பத்தூருக்கு விரட்டுவதா என்று நடுச்சாலையில் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். ஓர் இரவு மருத்துவமனையிலேயே படுக்கை கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் உறவினர் வீடோ விடுதி அறையோ பாருங்கள். "ஊர் தூரம், கூட இருப்பவர் ஒருவர்தான்" என்று தேதி குறிக்கும்போதே சொல்லிவிட்டால் காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொள்வார்கள். பகல் முழுவதும் கவனிக்கவும் முடியும். காப்பீட்டு அட்டை இருந்தால் அந்தக் கவுன்ட்டரிலும் முன்பே பேசுங்கள். அன்று காலையில் போய்க் கேட்டால் கையெழுத்துகளிலேயே நண்பகல் ஆகிவிடும்.

மூச்சு நிறுத்தும் பயிற்சியை வீட்டிலேயே செய்துபாருங்கள். பலரும் பதற்றத்தில் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார்கள். எங்களுக்குத் தேவை வெளியே விட்டு நிறுத்துவது. அல்லது அந்த மருத்துவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படி. காது மந்தம் என்றால் கருவியைக் கழற்றாமல் வரட்டும், எங்களிடமும் சொல்லுங்கள். அந்த "டக்" ஓசையைக் கேட்டுத் துள்ளுபவர்கள் அதிகம். ஒருமுறை வெளியே அழுத்திக் காட்டுங்கள் என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

காரைக்குடி மகள் (செவ்வாய், காலை)

எல்லாருக்கும் நன்றி. இரவு பெரியப்பச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கட்டி இல்லை என்றதும் அமைதியாகிவிட்டார்.

அக்கா, இரண்டு சந்தேகம். ஊர் மருத்துவர் எப்போதோ எழுதிக் கொடுத்த ஆஸ்பிரின் 75-ஐ ஆத்தா இன்றும் சாப்பிடுகிறார். இதயத்தில் ஸ்டென்ட் எதுவும் இல்லை. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையும் அவ்வப்போது போடுவார். இவை போக, எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று யாரோ சொல்லி, கொரோனா காலத்திலிருந்து சீந்தில் சூரணம் தினமும் காலையில். மதுரை மருத்துவரிடம் நாட்டு மருந்தைப் பற்றிச் சொல்ல ஆத்தாவுக்குக் கூச்சம், திட்டுவார் என்று.

மதுரை செவிலி (சொந்த ஊர் கானாடுகாத்தான்) (செவ்வாய், நண்பகல்)

தங்கச்சி, சூரணத்தை இன்றே நிறுத்துங்கள், மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். இது பயாப்சிக்காக மட்டும் சொல்வதில்லை. சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். பின்னர் நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்தும் அதே செய்தி வந்தது. பலரது கல்லீரல் திசு ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் போலவே இருந்தது. உள்ளே அடங்கிக் கிடந்த அந்த நோயைச் சீந்தில் தூண்டிவிட்டது போன்ற நிலையும் சிலரிடம் காணப்பட்டது. ஆத்தாவின் ரத்தப் பரிசோதனையும் அதே திசையைக் காட்டும்போது இதை மறைத்தால், ஸ்லைடைப் பார்ப்பவருக்குப் பாதிக் கதைதான் தெரியும். டப்பாவையே எடுத்துக்கொண்டு போங்கள். திட்டினாலும் பரவாயில்லை, எங்கள் மருத்துவர்கள் இதற்கெல்லாம் திட்டி நான் பார்த்ததில்லை, குறித்துக்கொள்வார்கள்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் இல்லாதவருக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். எத்தனை நாள் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். ஸ்டென்ட் உள்ளவர் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட விடக் கூடாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: குளோபிடோக்ரெல், வார்ஃபரின், புதிய ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் எல்லாம் இதே கணக்கு. எதை எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது, இரண்டையும் எழுதி வாங்குங்கள். இரண்டாவதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

மூட்டு வலி மாத்திரையின் பெயரைப் பாருங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகையாக இருந்தால் அது ரத்தம் உறைவதையும் கெடுக்கும், கல்லீரலையும் கெடுக்கலாம்.

பிளேட்லெட், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர்., ரத்த வகை மூன்றும் கையில் இருக்க வேண்டும். பிளேட்லெட் 50,000-க்குக் கீழே என்றால் பொதுவாகப் பக்கவாட்டில் குத்தத் தயங்குவார்கள். ஆச்சி சொன்ன கழுத்து வழியை யோசிப்பார்கள்.

தேவகோட்டை வாத்தியார் (செவ்வாய், மாலை)

கானாடுகாத்தான் தங்கை சொன்னது மிக முக்கியம். எனக்கு முதலில் நாள் குறித்த ஓர் இடத்தில் என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று யாருமே கேட்கவில்லை. ஒப்புதல் தாளை நீட்டிக் கையெழுத்து மட்டும் கேட்டார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். வேறு இடத்தில், ஒப்புதல் தாளில் இருப்பதை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்ன பிறகே கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள் நோயாளியின் உரிமை. புரியாத ஒரு சொல் இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடச் சொல்லுங்கள்.

புதுவயல் லேப் (செவ்வாய், இரவு)

நான் திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். துணுக்கு எடுத்த பிறகு நடப்பதை யாரும் நோயாளிக்குச் சொல்வதில்லை, அதனால் எழுதுகிறேன்.

துணுக்கு ஃபார்மலினில் எங்களிடம் வரும். அதை நீர் நீக்கி, மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு பருமனுக்குச் சீவி ஸ்லைடில் ஏற்றுகிறோம். வழக்கமான சாயம் ஒன்று. தழும்பு நாரை நீலமாகக் காட்ட மேசன் டிரைகுரோம். செல்களைத் தாங்கும் மெல்லிய நார்ப் பின்னலுக்கு ரெட்டிகுலின். இரும்பு படிந்திருக்கிறதா என்று பார்க்க இன்னொன்று. இதற்கெல்லாம் சில நாட்கள் ஆகும். "ஒரு துணுக்குக்கு ஏன் ஒரு வாரம்" என்று கோபப்பட வேண்டாம். துணுக்கு நீளமாக வந்தால் நோய்க்குறியியல் மருத்துவர் உறுதியாகச் சொல்வார். துண்டு துண்டாக, குட்டையாக வந்தால் "போதவில்லை" என்று எழுத நேரும். அதனால்தான் சிலருக்கு அதே துளை வழியாக இரண்டாம் முறையும் எடுக்கிறார்கள். அப்படி எடுத்தால் ஏதோ தவறு நடந்துவிட்டதாக ஆத்தா நினைக்க வேண்டாம்.

அறிக்கையில் எஃப் 0 முதல் எஃப் 4 வரை ஓர் எண் இருக்கலாம். அது தழும்பின் அளவு. 4 என்றால் சிரோசிஸ். வீக்கத்துக்குத் தனியாக இன்னோர் எண். இன்டர்ஃபேஸ் ஹெபடைடிஸ், பிளாஸ்மா செல் என்ற சொற்கள் வந்தால் மருத்துவர் சந்தேகித்த நோயை நோக்கிப் போகிறது என்று பொருள். ஆனால் ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துத்தான் முடிவு.

மெழுகுக் கட்டியைக் கூடத்தில் பாதுகாத்து வைத்திருப்போம். வேறு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் கட்டியையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். மறுபடி குத்தத் தேவையில்லை.

கோட்டையூர்க்காரன் (புதன், காலை)

விவரமாகச் சொன்னதற்கு நன்றி. விறைப்பு வேறு, அதன் காரணம் வேறு என்பது இப்போது புரிகிறது. ஆத்தா நலமாக வர வேண்டும்.

காரைக்குடி மகள் (அடுத்த வாரம், வெள்ளி)

நேற்று முடிந்தது. ஆஸ்பிரினை நிறுத்திச் சில நாள் பொறுத்து, ரத்தம் உறையும் அளவை மறுபடி பார்த்துவிட்டே செய்தார்கள். சூரண டப்பாவைக் காட்டியதும் மருத்துவர் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டார், ஒரு கடுஞ்சொல் இல்லை. ஆத்தாவுக்குத் தோள்வலி வந்தது. முன்பே சொல்லியிருந்ததால் "வாத்தியார் சொன்ன வலி" என்று அவரே சொன்னார். இரவு மதுரையிலேயே தங்கினோம். இன்று காலை ஸ்கேன் பார்த்து அனுப்பினார்கள்.

வீட்டில் என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்? அப்புறம், பழநி?

மதுரை செவிலி (சொந்த ஊர் கானாடுகாத்தான்) (வெள்ளி, மாலை)

மகிழ்ச்சி. ஒரு வாரம் கனம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், மாவு வாளி, பேரப்பிள்ளை எல்லாம் அதில் அடங்கும். கட்டு இன்று ஈரமாக வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் எழுதிக் கொடுத்த அளவில்.

வயிற்றுவலி நேரமாக ஆகக் கூடினால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், வியர்த்து நெஞ்சு படபடத்தால், மூச்சு வாங்கினால், காய்ச்சல் குளிர் வந்தால், மலம் கறுத்துப்போனால் அல்லது ரத்த வாந்தி எடுத்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். பக்கத்து மருத்துவமனையில் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: "நேற்று கல்லீரல் பயாப்சி செய்தார்கள்." டிஸ்சார்ஜ் தாள் கையிலேயே இருக்கட்டும்.

பழநியைப் பொறுத்தவரை, பயாப்சிப் புண் தைக்குள் ஆறிவிடும், அது தடையில்லை. தடை வந்தால் நோயால் வரும், ஸ்டீராய்டால் வரும். அறிக்கை வந்ததும் மருத்துவரிடம் ஆத்தாவே நேராகக் கேட்கட்டும்.

பள்ளத்தூர் ஆச்சி (வெள்ளி, இரவு)

நடக்க முடியாவிட்டால் பஸ்ஸில் போய் முருகனைப் பார்க்கலாம் என்று ஆத்தாவிடம் நான் சொன்னதாகச் சொல். நானும் இப்போது அப்படித்தான் போகிறேன்.

செக்காலை வாசகன் (சனி, காலை)

இழை முழுவதும் படித்தேன். என் அண்ணனுக்கு அடுத்த வாரம் திருச்சியில் கழுத்து வழியாகவே செய்யப்போகிறார்கள். சர்க்கரையும் உண்டு, இன்சுலின் போடுகிறார். அதற்கு ஏதேனும் தனியாகக் கவனிக்க வேண்டுமா?

மதுரை செவிலி (சொந்த ஊர் கானாடுகாத்தான்) (சனி, நண்பகல்)

உண்டு. அந்த முறையில் ரத்தக்குழாயில் சாயம் செலுத்துவார்கள். அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்த அறிக்கை வேண்டும். முன்பு எப்போதாவது சி.டி. ஸ்கேன் சாயத்தால் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து நிறுத்தச் சொல்லலாம். சில மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்பதால் அன்று காலை இன்சுலின் எத்தனை யூனிட் என்று இப்போதே எழுதி வாங்குங்கள். வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு பட்டினியாக வந்து, சர்க்கரை இறங்கி மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். குழாய் இதயத்தின் வலப்பக்கம் வழியாகப் போவதால் சில நொடிகள் படபடப்பு தெரியலாம். இசிஜி திரையைப் பார்த்துக்கொண்டேதான் செய்வார்கள்.